போத்திலைக் கேளுங்கோ

அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அவர் ஊரை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. போன அன்று தகரப் பெட்டியோடு பஸ்சுக்கு நின்றவரைக் கண்டும், குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

மன்னார்த் தீவின் வடகரையில், எங்கள் ஊர்க் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடுவில் அவருடைய தகரக் கொட்டில் இருந்தது. மீன்பிடிப் போட்டுகளின் பின்னால் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துவது அவருடைய தொழில். பெடியள் அவரை 'அண்ணை' என்பார்கள். வயதானவர்கள் 'எஞ்சின்காரன்' என்பார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் என்னை 'ரீச்சர்' என்றார். ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் அவர் வாயில் அந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டு மாதிரி வந்து விழும்.

மெலிந்த ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதிலாகத் தூண்டில் கட்டுகிற தங்கூசி நூலைக் காதில் சுற்றியிருப்பார். கை துடைக்க ஒரு துணி வைத்திருக்கமாட்டார். எண்ணெய்க் கையை மணலில் தேய்த்து, பெற்றோலில் கழுவி, காற்றில் காயவிடுவார். கொட்டிலுக்குள் துணியே வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். துணி நூல் விடும், நூல் காபரேற்றருக்குள் போகும் என்பார். முதன்முதலாக மகனோடு அங்கே போன நாளில், "ரீச்சர், அந்த முந்தானையை இழுத்துச் செருகுங்கோ, இல்லாட்டி வெளியில நில்லுங்கோ" என்றார். பதினெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அங்கே நின்றவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். வெளியில் போய் வெயிலில் நின்றேன்.

எங்களுடைய எஞ்சின் கட்டாரில் லொறி ஓட்டுகிற என் கணவர் அனுப்பியது. மகன் றெக்சன் உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறியதும், "திரும்ப எழுதமாட்டன், கடலுக்குப் போறன்" என்று நின்றுவிட்டான். என் தகப்பன் வழியில் கடலுக்குப் போனவர்கள் இல்லை. கணவரின் வழியில் எல்லோரும் கடல்தான். கணவரின் அக்கா மகன் அமலனும் அவனுமாகச் சேர்ந்து போட் இறக்கினார்கள். 'மடு மாதா' என்று பெயர் எழுதினார்கள். அன்றிலிருந்து விடியற்காலையில் அவன் போனால், பத்து மணிக்கு 'வந்திட்டன்' என்று போன் வரும்வரை என் வகுப்பில் நான் இருப்பதில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பது வேறு யாரோ.

இந்த எஞ்சின்களுக்கு வருகிற நோய் ஒன்றுதான் என்று சொல்லலாம். கயிற்றை இழுத்தால் கிளம்பும். கரையில் நின்று சடசடக்கும். ஆனால் கடலில் போய்க் கைப்பிடியை முறுக்கினால் மூச்சு முட்டும், போட்டின் முகம் மேலே எழும்பாது. பத்து மைல் போக வேண்டிய நேரத்தில் இரண்டு மைல் போகும். "அண்ணை, எஞ்சின் இழுக்குதில்லை" என்று தோளில் சுமந்துகொண்டு வருவார்கள். எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்று அவர்கள் சொல்லத் தொடங்கினால் அவர் கேட்கமாட்டார்.

"நீ சொல்லாத. அது சொல்லும்."

காபரேற்றரைக் கழற்றுவார். உள்ளங்கை அளவுச் சாமான். அதன் அடியில் எண்ணெய் தங்கி நிற்கிற சின்னக் கிண்ணம் ஒன்று உண்டு. அதை ஒரு துளி சிந்தாமல் பிரித்து, இருந்தது அத்தனையையும் ஒரு கண்ணாடிப் போத்திலில் ஊற்றுவார். பாணி மருந்துப் போத்தில், ஜாம் போத்தில், எது அகப்படுகிறதோ அது. வேலையைத் தொடங்க முதல் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மிதவை, ஊசி, ஜெட் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பெற்றோலில் போடுவார். ஜெட் என்பது எண்ணெய் போகிற ஒரு பித்தளைத் துளை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத துளை. அதற்குள் கம்பி விடமாட்டார். "கம்பி விட்டா ஓட்டை பெருக்கும். பெருத்த ஓட்டைக்கு மருந்தில்லை." ஒற்றைத் தங்கூசி நூலைக் கோர்த்து இழுத்து, சைக்கிள் பம்பினால் ஊதி, சூரியனுக்கு நேரே பிடிப்பார். ஊசிமுனை அளவு வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால்தான் பூட்டுவார். பிறகு தண்ணீர்ப் பீப்பாவில் எஞ்சினை மாட்டி ஓடவிடுவார். இருமிக்கொண்டு வந்தது பாடிக்கொண்டு நிற்கும். அந்தக் கை கைதான். அதில் எனக்குப் பேச்சில்லை.

எனக்குப் பேச்சு அந்தப் போத்தில்களில்.

கொட்டிலின் தெருப்பக்கம் ஒரு பலகைத் தட்டு அடித்திருந்தார். ஒவ்வொரு எஞ்சினிலிருந்தும் ஊற்றிய போத்திலை மூடி, போட்டின் பெயரை அதில் எழுதி, அந்தத் தட்டில் வைப்பார். கோயிலுக்குப் போகிற சனம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், மீன் வாங்க வருகிற வியாபாரிகள் எல்லோரும் பார்க்கலாம். 'புனித அந்தோனியார்' என்ற போத்திலில் பாதி தண்ணீராக இருந்தால், அந்த வீட்டில் மண்ணெண்ணெய்க் கானை மழையில் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். இன்னொன்றில் மஞ்சள் பிசின் இருந்தால், எஞ்சினை நிறுத்துமுன் பெற்றோலில் ஓடவிடாமல் மண்ணெண்ணெயிலேயே நிறுத்துகிற சோம்பேறி அவன். ஒன்றில் வண்டு கிடந்தது. அந்த வண்டுக்காரரை இன்றைக்கும் வண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

யாராவது, "என்னண்ணை நடந்தது என்ர எஞ்சினுக்கு?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

"எனக்கென்ன தெரியும். போத்திலைக் கேளுங்கோ."

பங்குச் சுவாமியின் மோட்டார் சைக்கிளைக்கூட அவர் விடவில்லை. 'சுவாமி' என்று எழுதிய போத்திலில் கறுப்பாக ஏதோ மிதந்தது. சுவாமி சிரிக்கத் தெரிந்தவர். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "எங்கட ஊரில பாவசங்கீர்த்தனம் கேக்கிறதுக்கு இப்ப இரண்டு பேர் இருக்கினம்" என்றார். கோயிலே சிரித்தது. கதவோரம் நின்ற அவர் மட்டும் சிரிக்கவில்லை. வெளியில் வந்து, "சுவாமி கேட்டா மன்னிப்பார். நான் மன்னிக்கிறேல்ல" என்று சொன்னதாகக் கேள்வி. பகிடியாகச் சொன்னாரோ என்று பலர் நினைத்தார்கள். இல்லை.

ஒரு கிழவர். பெயர் வேண்டாம். மகளுக்குச் சம்பந்தம் பேச வங்காலையிலிருந்து ஆட்கள் வருகிற நாள். அவருடைய போத்திலில் வெள்ளையாகக் கசடு படிந்திருந்தது. கள்ளுக் கானைக் கழுவாமல் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். குடியை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் பண்ணியவர். கொட்டிலுக்கு வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தம்பி, இண்டைக்கு ஒரு நாள் அதை உள்ள எடுத்து வையும். பின்னேரம் திரும்ப வைக்கலாம்."

"ஐயா, போத்தில் இருந்த இடத்தில இருக்கும்."

"பொம்பிளைப் பிள்ளையின்ர விசயம்."

"நான் கழுவிறது எஞ்சினை. ஆளை நீங்கள்தான் கழுவ வேணும்."

கலியாணம் குழம்பவில்லை. வந்தவர்கள் போத்திலைப் பார்த்தார்களோ தெரியாது. ஆனால் அந்தக் கிழவர் அதற்குப் பிறகு எஞ்சினை ஓட்டோவில் ஏற்றி மன்னார் ரவுணுக்குக் கொண்டுபோனார். அந்தக் கொட்டில் இருக்கிற ஒழுங்கையாலும் போகவில்லை, கடற்கரைக்குச் சுற்றித்தான் போனார். இதை நான் வீட்டில் சொல்லிக் கோபப்பட்டபோது றெக்சன், "அப்ப அவர் கானைக் கழுவியிருக்கலாமே அம்மா" என்றான். என் வயிற்றில் பிறந்தவன் அந்த ஆளின் குரலில் பேசியது எனக்குச் செரிக்கவில்லை.

இனி என் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெருநிலத்தில் இருக்கிற மடு மாதா கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் அந்த மண்ணில் ஒரு பிடி கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பாம்புக்கடிக்கு, காய்ச்சலுக்கு, பிரயாணத்துக்கு. என் வீட்டு அலுமாரியிலும் ஒரு பொதி இருக்கும். றெக்சன் கடலுக்குப் போகத் தொடங்கியதும், எஞ்சினின் மூடியில் அந்த மண்ணைக் குழைத்துச் சிலுவை போட்டுவிட்டேன். அடுத்த நாள் உப்புத் தண்ணீர் அதைக் கழுவிவிட்டது. திரும்பப் போட்டேன். "அம்மா, பெடியள் சிரிக்கிறாங்கள்" என்று அவனே துடைத்தான். அந்தக் கிழமை பக்கத்து ஊரில் ஒரு போட் கவிழ்ந்து, இரண்டு பேரைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். ஒருவருக்கு உயிர் இருந்தது. கழுவப்படாத, துடைக்கப்படாத இடம் எது என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை. எண்ணெய்த் தாங்கி வீட்டுக் கொட்டிலில் இருக்கும். அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தபோது மூடியைத் திறந்து, மூன்று விரலால் கிள்ளி, மங்கின சிவப்பில் இருந்த அந்த மண்ணை உள்ளே போட்டு, ஒரு அருள்நிறை மரியே சொன்னேன்.

ஏழாம் வகுப்புக்கு வடிகட்டல் படிப்பிக்கிறவள்.

அந்தக் கிழமையே எஞ்சின் இழுக்கவில்லை. தட்டில் ஒரு பாணி மருந்துப் போத்தில் ஏறியது. 'மடு மாதா – 1'. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டேன். அடியில் அரை விரற்கடைக்குச் சிவப்பாகப் படிந்திருந்தது. எங்கள் தீவு முழுக்க வெள்ளை மணல். கண்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கிள்ளு மண் ஒரு எஞ்சினை நிறுத்துமா? வேறு ஏதோ ஊத்தையும் சேர்ந்திருக்கும். அடுத்த ஞாயிறு அளவைக் குறைத்து, இரண்டு விரலால் கிள்ளிப் போட்டேன்.

'மடு மாதா – 2'.

"கடற்கரை மண் இல்லை அம்மா, பெருநிலத்து மண்" என்றான் றெக்சன் சோற்றைப் பிசைந்துகொண்டு. "தாங்கியை நல்லாக் கழுவினனான். திரும்ப வந்திருக்கு. ஆரோ போடுறாங்கள்."

"ஆர் போடப் போகினம்?"

"தாங்கியில கை வைக்கிறது நானும் அமலனும்தான்."

நான் குழம்பை எடுத்து அவனுக்கு விட்டேன்.

அமலனோடு அவனுக்கு ஏற்கெனவே சின்ன மனத்தாங்கல் இருந்தது. காற்று மாறினால் தென்பக்கம் போய்ச் சிலாவத்துறைப் பக்கம் கரையில் வாடிக் குடில் போட்டுத் தொழில் செய்யலாம் என்று அமலன் சொல்லிக்கொண்டிருந்தான். றெக்சனுக்கு விருப்பமில்லை. 'இங்க எஞ்சின் சரிவரேல்ல எண்டா என்னை அங்க கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு பாக்கிறான்' என்று அவனுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. அமலன் சின்ன வயதில் என் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிட்டவன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் முடிந்து தனியாகக் கொட்டிலுக்குப் போனேன். முந்தானையை நானே இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் எதையோ ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்த இரண்டு போத்திலையும் எடுத்துவிடுங்கோ" என்றேன். "பெடியளுக்குள்ள பிரச்சினை வருது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "அது எந்த மண் எண்டு எனக்குத் தெரியும், ரீச்சர்."

செருகிய முந்தானையை இன்னும் இறுக்கினேன்.

"சண்டைக்க ஓடிப்போய் பதினொரு மாதம் மடுவில படுத்தனான். பாயில்லை. காதுக்க, தலைக்க, பிள்ளையின்ர சோத்துக்க எல்லாம் அந்த மண். என்ர மனுசியை அந்த மண்ணிலதான் தாட்டனான். எனக்கு அது மறக்காது." ஜெட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மணல் எண்டா எண்ணெய் வடி பிடிக்கும். இது மா மாதிரித் தூள். வடிக்குள்ளால போய், கிண்ணத்தில தண்ணியோட களியாகி, இந்த ஓட்டையில குந்தும். கரையில ஓடும். தூரத்தில நிக்கும்."

"நான் நல்லதுக்குத்தான்..."

"பெடியனிட்டச் சொல்லுங்கோ. சொன்னா போத்திலை எடுக்கிறன்."

"நீங்களே சொல்லலாமே."

"நான் சொல்லுறேல்ல. இவ்வளவு நாளும் ஆருக்கும் சொன்னதில்லை."

இதற்காகத்தான் அவரை நான் வெறுக்கிறேன். கள்ளுக் கிழவருக்காகவோ முந்தானைக்காகவோ இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. என் மகன் தினமும் அந்தக் கொட்டிலடியால்தான் போனான். 'உன்ர கொம்மாவைக் கேள்' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். அவருடைய சட்டம் அவருக்கு என் பிள்ளையை விடப் பெரிதாக இருந்தது.

எனக்கும் தெரிந்திருந்தது என்பதை மறந்து இதை எழுதவில்லை.

இனிப் போடமாட்டேன் என்று முடிவெடுத்தேன், சொல்லவும்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை சொல்ல நினைத்தேன், அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சனிக்கிழமை முற்றத்தில் அமலன் வந்து நின்றான். நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நான் போட்டனான் எண்டு நீ நினைக்கிறியோ?"

"வேற ஆர் போட்டது? என்ர அம்மாவோ போட்டவ?"

அமலன் சிரித்துவிட்டான். அவ்வளவு நடக்க முடியாத கதை அது. பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப நீ தனியப் போ. நான் போறன்" என்றான். குசினி வாசலடியில் நின்று, "மாமி, போயிட்டு வாறன்" என்றான். நான் கத்தியைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டிட்டுப் போவன்" என்றுதான் வந்தது. அவன் நிற்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. திங்கள் முதல் என் மகன் தனியாகப் போகப்போகிறான். அவனைத் தனியாக்கியது நான். அந்தப் பயத்தில் என் படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. இல்லை, படிப்பு சரியாக வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். தூள் வடியைத் தாண்டுகிறது என்றால், அதைவிட நெருக்கமான வடி ஒன்றுக்குள் கட்டிவிட்டால் வெளியில் வராது. வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றை நாலாக மடித்து, மண்ணை நடுவில் வைத்து, நீல நூலால் இறுக்கிக் கட்டி, தாங்கிக்குள் போட்டேன். அது விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. மனம் ஆறிப் போய்ப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொன்றுக்கு வரவில்லை. நான் எடுத்தால் தொடர்பில் இல்லை என்றது. அன்றைக்குச் சோளகம். எங்கள் வடகரையில் சோளகக்காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். எஞ்சின் நின்றுபோன போட்டை அது நேரே இந்தியப் பக்கம் கொண்டுபோகும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் பிடிப்பார்கள், பிடிக்காவிட்டால் அதைவிட மோசம். அதிபரிடம் சொல்லாமலே கடற்கரைக்கு ஓடினேன். பிள்ளைகள் சன்னலால் பார்த்தார்கள்.

கரையில் எல்லோரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமலன் வேறு ஒருவரின் போட்டை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தான். என்னைப் பார்த்து, "மாமி, நீங்கள் கோயிலுக்குப் போங்கோ, நான் கொண்டு வாறன்" என்றான். கோயிலுக்கு எப்படிப் போவேன்? மாதாவிடம் என்ன சொல்வேன்? மணலில் இருந்தேன். மச்சாள், அமலனின் தாய், வந்து என் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தன் மகனைக் கள்ளன் மாதிரி அனுப்பிய வீட்டுக்காரிக்கு.

பொழுது சரிகிற நேரம் இரண்டு போட்டாக வந்தன. முன்னால் அமலன், பின்னால் கயிற்றில் 'மடு மாதா'. றெக்சன் குந்தியிருந்தான். துடுப்புப் பிடித்து உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தது. கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டதாம். முறுக்க முறுக்க எஞ்சின் அடங்கி, கடைசியில் மூச்சையே விட்டுவிட்டதாம். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சேட்டுப் பையில் போத்தில் இருந்தது.

"தாங்கியைக் கொண்டா."

யாரோ தூக்கி வந்தார்கள். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். கொளுவி இழுத்தார். நீல நூலோடு அந்தப் பொதி வந்தது. துணி எண்ணெயில் ஊறி, ஒரு பக்கம் திறந்து சிவப்பாகச் சொட்டியது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. அந்த இடத்திலேயே, மணலில் குந்தி, காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றிப் போத்திலில் ஊற்றினார். ஜெட்டுக்குள்ளிருந்து முள்ளுவாங்கியால் எதையோ இழுத்தார். ஒரு வெள்ளை நூல். லேஞ்சியின் நூல். அதையும் போத்திலுக்குள் போட்டார்.

"என்னண்ணை அது?" என்றான் அமலன்.

"போத்திலைக் கேள்" என்றார். அமலனிடம் சொன்னார், கண் என்னில் இருந்தது. போத்திலை என்னிடம் நீட்டினார். சனம், தாய்க்காரியிடம் காட்டுகிறார் என்று நினைத்திருக்கும்.

வாங்கினேன். இளஞ்சூடாக இருந்தது.

"நான்தான் போட்டனான்" என்றேன். "மடு மண். மூன்று தரமும் நான்தான்."

மச்சாளின் கை என் முதுகில் இருந்தது. அது எப்போது எடுபட்டது என்று தெரியவில்லை. றெக்சன் என்னைப் பார்க்கவில்லை. அமலனைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். அமலன் தன் போட்டின் கயிற்றைச் சுருட்டி முடித்து, "கைக்கு மருந்து போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கூட்டம் கலைந்த பிறகு எஞ்சின்காரர் கையை நீட்டினார். போத்திலைத் திரும்பக் கேட்டார்.

"சொன்னா எடுக்கிறன் எண்டனீங்கள்" என்றேன்.

"சொல்லச் சொன்னது அமலனை அனுப்ப முதல், ரீச்சர்."

அடுத்த நாள் காலையில் அது தட்டில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. எழுத்து மற்றவற்றைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் வந்தார்கள். வடிகட்டல் பாடத்தை அந்த வருடம் வேறொரு ஆசிரியரிடம் விட்டேன்.

கண்ணில் புரை விழுந்து, ஜெட்டின் வெளிச்சம் தெரியாமல் போனதும் அவர் வவுனியாவில் இருக்கிற மகளிடம் போய்விட்டார். போக முதல் எல்லாப் போத்திலையும் ஒவ்வொன்றாக மணலில் கவிழ்த்து வெறுமையாக்கினார் என்றார்கள். கள்ளுக் கிழவருடையது, சுவாமியுடையது, வண்டு, எல்லாம். எங்களுடைய மூன்றையும்தானாம். வெறும் தட்டு இன்னும் இருக்கிறது. அது வெறுமையானதால் எனக்கு ஒன்றும் ஆறிவிடவில்லை.

அமலன் சிலாவத்துறைக்குப் போய்விட்டான். அங்கேதான் தொழில். நத்தார்ப் பெருநாளுக்கு வருவான், என் காலைத் தொட்டுக் கும்பிடுவான், சாப்பிடமாட்டான். றெக்சனோடு இப்போது வேறு ஒருவர் போகிறார். நான் இன்றைக்கும் மடுவுக்குப் போனால் ஒரு பிடி மண் கொண்டு வருகிறேன். அது அலுமாரியிலேயே இருக்கிறது.

விடியற்காலையில் றெக்சன் வீட்டுக் கொட்டிலுக்குப் போய்த் தாங்கியை எடுக்கும்போது நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். என் கையால் வாங்கிக் குடிப்பான். "போயிட்டு வாறன் அம்மா" என்பான். பிறகு தாங்கியின் மூடியைத் திறந்து, ரோச் லைற் அடித்து, உள்ளே ஒரு தரம் பார்த்து மூடுவான். எனக்கு மறைத்துச் செய்வதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே செய்வான். நானும், அவன் பார்த்து முடியும்வரை, வெறும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.